கைபேசியும் வாகனமும்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இகாமத் சொல்லப்பட்டதும் ஸஃப்பில் நிற்கும் நாம் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக் கைபேசியை அணைத்துக் கொள்கிறோம். பத்து நிமிடம் எந்த அழைப்பையும் ஏற்காவிட்டால் உலகம் கவிழ்ந்துவிடாது என்பதை நாள்தோறும் ஐந்து வேளையும் காண்கிறோம். ஆயினும் பள்ளிவாசலை விட்டு வெளியேறி வண்டியில் ஏறியதும் அந்த அறிவு நம்மை விட்டு அகன்று விடுகிறது. நம் பிள்ளைகளோ ஒரு கையில் வண்டியும் மறு கையில் வாட்ஸ்அப்புமாகச் செல்கின்றனர்.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 14 மீட்டர் கடக்கிறது. செய்தியொன்றைப் படிக்க 5 விநாடி தலை குனிந்தால், 70 மீட்டர் தூரம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்கு ஒப்பாகும். 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்ததாக மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அவர்களுள் பத்தில் நால்வருக்கு மேல் இரு சக்கர வாகனத்தில் சென்றோர். அனைத்தும் கைபேசியால் நேர்ந்தவை அல்ல. ஆயினும் இந்த ஒரு காரணம் முழுக்க நம் கைக்குள் இருப்பது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2022 அக்டோபரில் தமிழக அரசு உயர்த்திய அபராதத்தின்படி, வண்டி ஓட்டும்போது கைபேசியைப் பயன்படுத்தினால் முதல் முறை ரூ.1,000, மீண்டும் பிடிபட்டால் ரூ.10,000. பதினெட்டு நிரம்பாத பிள்ளை ஓட்டிக் குற்றம் இழைத்தால், 2019-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் பெற்றோரையே பொறுப்பாளியாக்கி 3 ஆண்டு வரை சிறையும் ரூ.25,000 அபராதமும் விதிக்க வழி செய்கிறது. துபாயில் 800 திர்ஹத்துக்கு அஞ்சிக் கைபேசியைத் தொடாத நம் சகோதரர்கள் சிலர், விடுமுறையில் ஊர் வந்ததும் தொட்டுவிடுகின்றனர் என்பதையும் வருத்தத்தோடு சொல்ல வேண்டியுள்ளது.

அபராதம் செய்யாததைக் கருவியே செய்யக்கூடும். 2016-இல் சாம்சங் நிறுவனம் நம் நாட்டு இரு சக்கர வாகன ஓட்டிகளுக்கென ஒரு வசதியை அறிமுகப்படுத்தியது. அழைப்பவருக்கு ‘வண்டி ஓட்டுகிறார்’ என்ற பதிவுக் குரல் கேட்கும்; அவசரமெனில் ஓர் எண்ணை அழுத்தலாம்; ஆனால் வண்டி நின்ற பிறகே பேச முடியும். 2017 முதல் ஐபோனில், வாகனம் நகர்வதை உணர்ந்து அறிவிப்புகளை அடக்கி, தானாகவே பதில் அனுப்பும் வசதி உள்ளது. பிள்ளை அதை மாற்ற இயலாதபடி பெற்றோர் பூட்டியும் வைக்கலாம். ஆண்ட்ராய்டில் ‘தொந்தரவு செய்யாதே’ அமைப்பை இயக்கி, 15 நிமிடத்துக்குள் ஒருவரே இருமுறை அழைத்தால் மட்டும் மணி ஒலிக்குமாறு வைத்துக் கொள்ளலாம். இவற்றில் குறையும் உண்டு. பேருந்தில் அமர்ந்து செல்பவரையும் ஓட்டுநர் என்றே கருவி எண்ணிவிடும். பூட்டு இல்லையெனில் ஒரு தட்டில் எல்லாவற்றையும் நீக்கி விடலாம்.

சகோதரர்களே, இதைவிடப் பெரிய குறை நம்மிடம் இருக்கிறது. கல்லூரிக்குப் புறப்பட்ட மகனை வழியில் அழைப்பவர் யார்? ‘எங்கே இருக்கிறாய்?’ என்று கேட்கும் வாப்பாவும் உம்மாவும்தானே! எடுக்காவிட்டால் கோபிக்கிறோம், மீண்டும் மீண்டும் அழைக்கிறோம். கல்லூரி நேரத்தில் குழுவில் அறிவிப்பு அனுப்பும் நம் நிர்வாகமும் இதற்கு விலக்கல்ல.

ஆகவே நிர்வாகத்தின் முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறோம். மௌத் அறிவிப்பு தவிர எதையும் காலை 8 முதல் 10 வரை குழுவில் அனுப்ப வேண்டாம். அடுத்த ஜும்ஆவுக்குப் பின் மதரஸா கூடத்தில் விவரம் அறிந்த இளைஞர்கள் சிலர் அமர்ந்து, வருவோரின் கைபேசியில் இவ்வசதியை அமைத்துத் தரட்டும். வாப்பாமார் தம் பிள்ளைகளை அழைத்து வாருங்கள். தம் கைபேசியையும் மறவாமல் எடுத்து வாருங்கள்.