காப்பீட்டுப் பட்டியலில் நம் பெயர்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இயலும் இசையும் முழங்கிய இம்மேடையில், காப்பீடு என்னும் கணக்குப்பிள்ளை விஷயத்தைப் பேச எழுந்திருப்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். விருந்துண்டு மகிழ்ந்திருப்பவரிடம் கசப்பு மருந்தை நீட்டுவது போன்ற செயல்தான் இது. எனினும், மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் வாழும் நம் குடும்பங்களில் மாத ஊதியத்தை நம்பி வாழாத வீடு அரிது. அவ்வீடுகள் பலவற்றிற்கு, நோய் வந்த காலத்தில் கைகொடுப்பது அலுவலகம் எடுத்துத் தரும் குழு மருத்துவக் காப்பீடே. அத்துணை ஆண்டுக்கு ஆண்டு ஒரு நிறுவனத்தினின்றும் மற்றொரு நிறுவனத்திற்குக் கைமாறக்கூடியது. கைமாறும் அச்சில நாட்களில் நாம் கண்ணயர்ந்தால் என்ன நேரும் என்பதை எங்கள் இல்லத்தில் பட்டே அறிந்தோம். பட்டவர் சொல்வது கடமை என்று கருதியே இங்கு நிற்கின்றோம்.

நம் முன்னோர் இம்மாநகருக்கு வந்த காலத்தை எண்ணிப் பாருங்கள். தஞ்சையினின்றும் பாலக்காட்டினின்றும் வந்தோர் சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்று மாதுங்காவில் அறை எடுத்துத் தங்கினர். திருநெல்வேலிச் சீமையினின்றும் வந்தோர் தாராவியில் தோல் பதனிடும் தொழிலில் உழைத்தனர். அவர்களுள் ஒருவர் நோயுற்றால், ஊர்க்காரர் கூடிச் சயான் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வர். சீட்டுப் பணத்தினின்றும் செலவுக்குக் கொடுப்பர். அன்று காப்பீடு என்பது மனிதர் நினைவில் இருந்தது. இன்னார் மகன், இன்ன ஊர் என்று தெரிந்தால் போதும், உதவி கிடைத்தது.

நாடு விடுதலை பெற்றபின், 1948ஆம் ஆண்டில் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. 1952ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 24ஆம் நாள் கான்பூரில் அத்திட்டம் தொடங்கியது. நாம் ஈ.எஸ்.ஐ. என்று அழைப்பது அதனையே. பரேல், வொர்லி, முலுண்டு ஆகிய இடங்களில் உள்ள ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைகளை நம்மில் பலர் அறிவோம். 1986ஆம் ஆண்டில் அரசுடைமையான நான்கு பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் ‘மெடிக்ளெய்ம்’ என்னும் மருத்துவக் காப்பீட்டைத் தொடங்கின. 1999ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் தனியார் நிறுவனங்களும் வந்தன. போட்டி பெருகவே, அலுவலகங்கள் ஆண்டுதோறும் விலை கேட்டு, நிறுவனத்தை மாற்றும் வழக்கமும் பெருகிற்று.

இனி எங்கள் கதைக்கு வருவோம். 2022ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், நாங்கள் பணிபுரிந்த அலுவலகம் காப்பீட்டு நிறுவனத்தை மாற்றியது. விடுப்பு, வருகைப் பதிவு, ஊதியம் ஆகிய அனைத்தையும் நடத்தும் மென்பொருளிலேயே இம்மாற்றமும் செய்யப்பட்டது. மூன்று மின்னஞ்சல்கள் வந்தன. “குடும்ப விவரங்களைச் சரிபார்த்து உறுதி செய்க” என்று மூன்றாவது கூறியது. ஆண்டு முடிவுக் கணக்கில் மூழ்கியிருந்த நாங்கள் அதனைத் திறந்தும் பார்க்கவில்லை. பழைய பட்டியலே புதிய இடத்திற்குப் போகும் என்று எண்ணியிருந்தோம்.

மனைவி மக்கள் பெயர்கள் தாமே சென்றன. பெற்றோருக்கான கட்டணம் மட்டும் எங்கள் ஊதியத்தில் பிடிக்கப்படுவது. ஆதலால் அதற்கு மீண்டும் ஒப்புதல் தரவேண்டியிருந்தது. நாங்கள் தரவில்லை. ஏப்ரல் மாத ஊதியத்தில் 1,450 ரூபாய் கூடுதலாக வந்தது. சம்பள உயர்வு என்று மகிழ்ந்து, கிங்ஸ் சர்க்கிளில் குடும்பத்தோடு சிற்றுண்டி அருந்தி வந்தோம்! அம்மையாரின் பாதுகாப்பை விற்ற பணத்தில் இட்டிலி உண்டோம் என்பது அன்று விளங்கவில்லை.

ஜூலை மழையில் எங்கள் அன்னையார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. மருத்துவமனை முகப்பில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, “இப்பெயர் இல்லையே” என்றார். பழைய அட்டையை நீட்டினோம். அது மார்ச்சு 31ஆம் நாள் நள்ளிரவோடு முடிந்துவிட்டது என்றார். புதிதாய்ச் சேர்க்க அலுவலகத்தைக் கேட்டோம். திருமணம், பிள்ளைப் பேறு, புதிய பணி ஆகியவை நேர்ந்தாலன்றி ஆண்டின் இடையில் பெயர் சேர்க்க இயலாது என்ற விடை வந்தது. மகளின் கல்லூரிப் படிப்புக்குச் சேர்த்த பணமும், அடகு வைத்த வளையல்களும் சேர்ந்து 2,86,000 ரூபாய் கட்டினோம்.

பணம் போயிற்று, அதனை மீண்டும் ஈட்டலாம். மயக்கம் தெளிந்த அன்னையார் விஷயம் அறிந்து, “என் பெயரை யாரப்பா எடுத்தது?” என்று கேட்டார். அக்கேள்விக்கு விடையின்றி நின்றோம். யாரும் எடுக்கவில்லை. எழுத வேண்டியவர் எழுதவில்லை, அவ்வளவே. அலுவலகத்தார் இன்னும் உரக்கச் சொல்லியிருக்கலாம் என்பது மெய். காது கொடுத்திருக்க வேண்டியவர் நாங்கள் என்பதும் மெய்.

அன்பர்களே! காப்பீடு மாறுவதன் உட்பொருளை இப்போது சற்று விளக்குவோம். குழுக் காப்பீடு பெரும்பாலும் ஓராண்டு ஒப்பந்தம். ஒப்பந்தக்காரர் அலுவலகம், நாம் அதில் உறுப்பினர் மட்டுமே. அலுவலகம் ஒரு கோடி ரூபாய் கட்டணம் செலுத்தி, ஊழியர் ஒன்றேகால் கோடிக்கு மருத்துவச் செலவு பெற்றனர் எனக் கொள்வோம். அடுத்த ஆண்டு காப்பீட்டு நிறுவனம் கட்டணத்தை உயர்த்தும். அலுவலகம் தரகர் வழியாக வேறு நிறுவனத்தை நாடும். இதில் குற்றம் ஒன்றுமில்லை; சில வேளை புதிய ஒப்பந்தம் பழையதினும் சிறந்ததாகவே அமையும்.

மென்பொருளில் அப்போது நிகழ்வது யாது? பழைய திட்டத்திற்கு முடிவு நாள் இடப்படுகிறது. புதிய திட்டம் ஒன்று தொடக்க நாளோடு திறக்கப்படுகிறது. ஒவ்வொரு பெயரும் புதிய ஏட்டில் மறுபடி பதிவாக வேண்டும். ஊதியப் பிடித்தமும் புதிய திட்டத்தோடு இணைய வேண்டும். வீடு மாறுவோர் பெட்டிகளை எண்ணி ஏற்றி, எண்ணி இறக்குவது போன்றது இது. எண்ணாமல் ஏற்றினால் ஒரு பெட்டி பழைய வீட்டு வாசலிலேயே நின்றுவிடும். ஆகவே, அத்தகைய காலத்தில் கவனிக்க வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கின்றோம்.

முதலாவது, பெயர். நம்மவர்க்கு இதில் தனித் தொல்லை உண்டு. நாம் தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே இட்டு எழுதுவோர். இம்மாநகரின் படிவங்களோ குடும்பப் பெயர் கேட்பவை. பள்ளிச் சான்றில் முதலெழுத்து, ஆதாரில் தந்தையின் முழுப் பெயர், வங்கியில் கணவர் பெயர் என ஒருவருக்கே மூன்று பெயர்கள் நிலவுகின்றன. ஆதாரில் உள்ளபடியே பெயரும் பிறந்த நாளும் புதிய பட்டியலில் உள்ளனவா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். மருத்துவமனை முகப்பில் தகராறு எழுவது பெரும்பாலும் இங்கேதான்.

இரண்டாவது, சம்பளச் சீட்டு. பிடித்தம் நின்றாலும் கூடினாலும் காரணம் கேளுங்கள். காரணமின்றிக் கூடுதலாக வரும் பணம் நற்செய்தி என்று எண்ணிவிடாதீர்கள்.

மூன்றாவது, இரண்டு ஒப்பந்தங்களின் எல்லை. மார்ச்சு 30ஆம் நாள் மருத்துவமனையில் சேர்ந்து ஏப்ரல் 3ஆம் நாள் திரும்பினால், செலவு பொதுவாகச் சேர்ந்த நாளுக்குரிய பழைய நிறுவனத்தையே சாரும். அதன் தொடர்பான பின்செலவுச் சீட்டுகளையும் பழைய நிறுவனத்திற்கே, குறித்த கெடுவுக்குள் அனுப்ப வேண்டும். ஆதலால் பழைய அட்டையையும் ஒப்பந்த எண்ணையும் எறிந்துவிடாதீர்கள்.

நான்காவது, நிபந்தனைகள். முன்பே உள்ள நோய்கள் முதல் நாளிலிருந்தே ஏற்கப்படுமா? மகப்பேற்றுக்கு 9 மாதக் காத்திருப்பு உண்டா? பெற்றோர் செலவில் நாம் ஏற்க வேண்டிய பங்கு எவ்வளவு? நாம் வழக்கமாகச் செல்லும் மருத்துவமனை புதிய பட்டியலில் உள்ளதா? அறை வாடகை வரம்பையும் கேளுங்கள். நாளொன்றுக்கு 5,000 ரூபாய் என்ற வரம்பிருக்க, 10,000 ரூபாய் அறையில் தங்கினால், வாடகை மட்டும் பாதியாவதில்லை. மருந்து போன்ற சில இனங்கள் நீங்கலாக, மருத்துவர் கட்டணம் முதலியவற்றிலும் பாதியை வெட்டும் ஒப்பந்தங்கள் உண்டு. சிகிச்சை நடந்துகொண்டிருக்கும் குடும்பத்தினர் இவற்றை வாய்மொழியாக அறிந்தால் போதாது; எழுத்தில் பெறவேண்டும்.

ஐந்தாவது, வேலையை விட்டு விலகும் நாள். குழுக் காப்பீடு பொதுவாக அன்றே முடிந்துவிடும். எனினும், அப்போது காப்பளித்துவரும் நிறுவனத்தின் தனிநபர் காப்பீட்டிற்கு மாற நாம் விண்ணப்பிக்கலாம். ஏற்பது அந்நிறுவனத்தின் ஆய்வுக்கு உட்பட்டது. ஆயினும் குழுவில் கழிந்த ஆண்டுகள் காத்திருப்புக் காலக் கணக்கில் பயன்படும். ஆகவே, நிறுவனம் மாறியபோதெல்லாம் பழைய ஆண்டுகளின் சான்றுகளைச் சேர்த்து வைப்பது அறிவுடைமை. தனியாகக் காப்பீடு எடுத்தோர் ஒரு நிறுவனத்தினின்றும் மற்றொன்றிற்கு மாறும் உரிமை 2011ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளிலிருந்து நடைமுறையில் உள்ளது. முன்பே உள்ள நோய்க்கான காத்திருப்பு 3 ஆண்டுக்கு மேற்படலாகாது என்று 2024ஆம் ஆண்டில் ஒழுங்குமுறை ஆணையம் வரையறுத்தது. ஓய்வு நெருங்கும் பெரியோர்கள், அலுவலகக் காப்பீடு இருக்கும்போதே சிறிய தனிக் காப்பீடு ஒன்றை எடுத்து வைத்தல் நலம்.

ஈ.எஸ்.ஐ. உறுப்பினர்க்கும் ஒரு சொல். அதில் தனியார் நிறுவனம் மாறும் தொல்லை இல்லை. 2019ஆம் ஆண்டு ஜூலை முதல் தொழிலாளி நூற்றுக்கு முக்கால் ரூபாயும் முதலாளி மூன்றேகால் ரூபாயும் செலுத்தும் முறை வந்தது. ஆனால் 2017ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட 21,000 ரூபாய் என்னும் ஊதிய வரம்பு அங்கு உண்டு. ஊதியம் அதனைத் தாண்டினால், ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அக்டோபர் முதல் மார்ச்சு வரை எனும் கட்டணக் காலங்களில் நடப்புக் காலம் முடியும் வரையே கட்டணம் பிடிக்கப்படும். அதன்பின் உறுப்பினராகத் தொடர இயலாது. ஊதிய உயர்வு பெற்ற தாராவித் தம்பிமார், “எனக்கு இனி எந்தக் காப்பீடு?” என்று அன்றே அலுவலகத்தில் கேட்கவேண்டும். அதுவும் காப்பீடு கைமாறும் காலமே.

எழுபது நிறைந்த பெரியோர்க்கு, வருமானம் பாராமல், ஆண்டுக்கு ஒரு குடும்பத்திற்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பளிக்கும் ஆயுஷ்மான் திட்ட விரிவு 2024ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் தொடங்கப்பட்டது. அதற்கும் பெயர் பதிவு செய்தாக வேண்டும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். நம் சங்க வாசகசாலையில் ஆண்டுதோறும் மார்ச்சுத் திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென ஒதுக்குவோம். கணினி அறிந்த இளைஞர்கள் பெரியோர் அருகே அமர்ந்து, அவரவர் காப்பீட்டுப் பட்டியலை உரக்கப் படிக்கட்டும். தம் பெயர் சரியாக உள்ளதா என்று பெரியோர்கள் தம் காதாலேயே கேட்கட்டும். அலுவலகங்கள் சிலவற்றில் ஒப்பந்தம் வேறு மாதத்தில் முடியலாம். அவர்கள் அந்த நாளைக் குறித்து வைக்கட்டும். அரை மணி நேர வேலை இது.

எங்கள் அன்னையார் இன்று நலமாக இருக்கிறார். கைத்தடி ஊன்றி இக்கூட்டத்திலும் அமர்ந்திருக்கிறார். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் நாள் காலையில், “என் பெயர் இருக்கிறதா?” என்று கேட்கிறார். “இருக்கிறதம்மா” என்று திரையைக் காட்டிவிட்டுத்தான் காப்பி அருந்துகிறோம். உங்கள் இல்லத்துப் பெரியோர் கேட்குமுன்பே அவ்விடையை நீங்கள் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும் என வேண்டுகின்றோம்.