மெலிவும் நலிவும்



உடல் பருத்தவர் மெலிய விரும்புவது இயல்பு. சில வேளைகளில் அது தேவையுங்கூட. ஆனால் மெலிதல் வேறு, நலிதல் வேறு. எடை பார்க்கும் பொறி இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவதில்லை. ஐந்து கிலோ குறைந்தது என்று அது சொல்லும். குறைந்தது கொழுப்பா, தசையா, நீரா என்று சொல்லாது. இதனை உணராமல் காலை உணவைத் தள்ளியும் இரவு உணவை ஒழித்தும் உடலை வருத்திக்கொண்ட பிள்ளைகள் பலரை ஆசிரியப் பணியில் நான் கண்டிருக்கிறேன்.

உணவைக் கடுமையாகக் குறைத்தால் உடலில் என்ன நிகழும்? இதற்கு விடை தரும் ஆய்வு ஒன்று அமெரிக்காவில், மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் நடைபெற்றது. இரண்டாம் உலகப் போர் முடியுந் தறுவாய் அது. பட்டினியால் வாடிய மக்களுக்கு மீண்டும் உணவூட்டும் முறையை அறிய விரும்பினார் ஆன்சல் கீஸ் என்னும் அறிஞர். ஆயுதம் ஏந்த மனச்சான்று இடந்தராத இளைஞர் 36 பேர் தாமாகவே முன்வந்தனர். 1945 பிப்ரவரி முதல் 24 வாரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,570 கலோரி உணவே அவர்களுக்குக் கிடைத்தது. உருளைக்கிழங்கும் ரொட்டியும் மாக்கரோனியும் மிகுதி, புரதம் குறைவு. வாரந்தோறும் 22 மைல் நடக்கவும் வேண்டும்.

முடிவில் அவர்கள் எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைந்தது. ஓய்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றல் ஏறத்தாழ 40 விழுக்காடு வீழ்ந்தது. கை வலிமை தளர்ந்தது, குளிர் வாட்டியது, உணவைத் தவிர வேறு நினைவு எழவில்லை. மீண்டும் வயிறார உண்டபோதோ, இழந்த தசை திரும்புமுன் கொழுப்பு விரைந்து திரும்பியது. அவர்கள் பருத்தவர் அல்லர். ஆதலால் அந்த அளவுகள் எல்லார்க்கும் அப்படியே பொருந்தா. ஆயினும் உடல் செல்லும் வழி அதுவே.

இதன் காரணம் யாது? வருவாய் குறைந்த குடும்பத் தலைவன் செலவைச் சுருக்குவது போல, உடலும் தன் ஆற்றற் செலவைச் சுருக்குகிறது. மூளைக்குச் சர்க்கரை வேண்டும். கொழுப்பிலிருந்து அது மிகச் சிறிதே கிடைக்கும். ஆகவே உடல் தசையிலுள்ள புரதத்தையும் பிரித்து எடுத்துக்கொள்கிறது. இது பஞ்சத்திலே உழவு மாட்டை விற்று உண்பதற்கு ஒப்பாகும். அன்றைய பசி தீரும். அடுத்த மழைக்கு உழ மாடு இராது.

அப்படியாயின், கொழுப்பு கரையவும் தசை நிலைக்கவும் வழி என்ன? மூன்று கூறுவேன்.

முதலாவது, குறைப்பதைச் சிறிதாகக் குறையுங்கள். நாளொன்றுக்கு 300 முதல் 500 கலோரி குறைந்தாற் போதும். மாலைப் பஜ்ஜியையும், சர்க்கரை மிகுந்த தேநீரையும், குளிர்பானத்தையும் விட்டாலே பெரும்பகுதி கைகூடும். வாரத்துக்கு அரைக் கிலோ குறைவது நல்ல வேகம். முதல் வாரத்தில் விரைந்து குறைவதில் பெரும்பங்கு நீரே. அதைக் கண்டு மகிழ்ந்து ஏமாற வேண்டா.

இரண்டாவது, வேளைதோறும் புரதம் உண்ணுங்கள். மெலிய முயலும் வளர்ந்தவர்க்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராமேனும் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவர்க்கு அது 72 கிராம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் உண்டு. ஒரு டம்ளர் பாலிலும் அவ்வளவே. 50 கிராம் உலர்ந்த கொண்டைக்கடலையைச் சுண்டலாக்கினால் 9 அல்லது 10 கிராம். 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20. நம் இலையில் சோறு மலையாகவும் பருப்பு மடுவாகவும் இருப்பதே குறை. சோற்றை ஒழிக்க வேண்டா. ஒரு கரண்டி குறைத்துப் பருப்பையும் கீரையையும் காயையும் கூட்டுங்கள்.

மூன்றாவது, தசைக்கு வேலை கொடுங்கள். பயன்படுத்தப்படும் தசையை உடல் எளிதில் கைவிடாது. தண்டாலும் பஸ்கியும் செய்ய இரும்புக் குண்டுகள் வேண்டியதில்லை; வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். நன்றாக உறங்குவதும் இதனோடு சேர்ந்த கடமை.

ஓர் எச்சரிக்கை. வளரும் பருவத்துப் பிள்ளைகளும், சிறுநீரக நோய் முதலியன உடையவரும் மருத்துவரைக் கேளாமல் உணவைக் குறைத்தலாகாது. உங்களுள் பலர் பருமனே இல்லாதவர். தோழர் ஒருவர் கேலி செய்தார் என்பதற்காகப் பசி கிடக்கிறீர்கள். பிறர் கேலி ஒரு நாளில் மறையும். வளரும் வயதில் இழந்த வலிமையை மீட்க நெடுநாள் ஆகும்.

ஆகவே மெலிய வேண்டியவர் எடைப் பொறியை மட்டும் நம்ப வேண்டா. சென்ற மாதம் எடுத்த தண்டால் எண்ணிக்கை இந்த மாதமும் குறையாதிருக்கிறதா, இடுப்பின் சுற்றளவு சுருங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இவ்விரண்டும் ஒருங்கே நிகழுமாயின், நீங்கள் நலியவில்லை, மெலிந்திருக்கிறீர்கள்.