கொடைமடமும் கொடையறிவும்



கொடையைப் பாடி வளர்ந்தது தமிழ்க் கவிதை. முல்லைக்குத் தேர் ஈந்த பாரியையும், மயிலுக்குப் போர்வை அளித்த பேகனையும் அறியாத பாவலர் இவ்வவையில் இல்லை. கொடிக்குத் தேர் எதற்கு, மயில் போர்வையை உடுக்குமா என்று எண்ணிப் பாராது கொடுத்த அந்த அருளைக் ‘கொடைமடம்’ என்று சான்றோர் போற்றினர். எண்ணிப் பார்த்து, இடர்களை எல்லாம் கேட்டறிந்து, அதன் பின்னும் கொடுக்கின்ற கொடையாளர் சிலர் நம் காலத்தில் உளர். புதிய மருத்துவ ஆய்வுகளுக்குத் தம் உடம்பைத் தாமே முன்வந்து ஒப்படைக்கும் நடுக்குவாத நோயாளர்களே அவர்கள்.

1817ஆம் ஆண்டு லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்னும் மருத்துவர் இந்நோய் பற்றிச் சிறுநூல் ஒன்றை வெளியிட்டார். அதில் அவர் விவரித்த நோயாளர் அறுவர். அவர்களுள் சிலர் தெருவில் எதிர்ப்பட்டவர்கள். ஒருவரைத் தொலைவிலிருந்து பார்த்ததோடு சரி. மருத்துவரின் கண்ணுக்குப் பொருளாக இருந்த நோயாளர், ஆய்வில் பங்காளராக உயர நெடுங்காலம் ஆயிற்று. ஆய்வுக்கு உட்படுவோரின் உளமார்ந்த ஒப்புதல் வேண்டும் என்பதை 1964ஆம் ஆண்டின் ஹெல்சிங்கி அறிக்கை மருத்துவ உலகுக்கு வலியுறுத்தியது. இன்று ஆய்வில் சேர்பவர் எந்த நாளிலும், காரணம் கூறாமலே விலகிக்கொள்ளலாம்.

நடுமூளையில் டோபமைன் என்னும் பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் மெல்ல மெல்ல அழிவதால் கை நடுங்குகிறது; உடல் விறைக்கிறது; நடை தளர்கிறது. இறந்த நோயாளரின் மூளைகளில் டோபமைன் குறைந்திருப்பதை 1960இல் வியன்னா நகர அறிஞர்கள் காட்டினர். மறு ஆண்டே அங்கு லெவோடோபா என்னும் மருந்து நோயாளருக்கு ஊசிவழி செலுத்தப்பட்டது. 1967இல் அமெரிக்காவில் கோட்சியாஸ் அதனை வாய்வழியே, அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுத்துப் பெரும்பயன் கண்டார். இன்றளவும் அதுவே தலையாய மருந்து. எனினும் அது துன்பத்தைத் தணிக்குமேயன்றி, அணுக்களின் அழிவைத் தடுக்காது. தடுக்கும் மருந்தைத் தேடும் பணிக்கே இக்கொடையாளர் வேண்டப்படுகின்றனர்.

அக்கொடையின் கடுமையை ஓர் ஆய்வு உணர்த்தும். 2001இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 40 நோயாளர் பங்குபெற்றனர். 20 பேரின் மூளையில் புதிய அணுக்கள் வைக்கப்பட்டன. எஞ்சிய 20 பேருக்கு மண்டையோட்டில் துளை மட்டும் இடப்பட்டது, அணுக்கள் வைக்கப்படவில்லை. தமக்கு வாய்த்தது எது என்பதை அவர்கள் அறியார். அறியாமல் இருப்பதற்கும் முன்கூட்டியே ஒப்பியிருந்தனர். அறுபது வயதுக்கு உட்பட்டோரிடம் ஓரளவு நலம் தென்பட்டது. ஆயினும் சிலருக்குப் பின்னர் அடக்கவியலாத அசைவுகள் தோன்றின.

இத்தகைய மறைப்பு ஏன்? நம்பிக்கையும் மருந்தாகிவிடும் என்பதால்தான். மருந்தில்லா வெறும் நீரை மருந்தென எதிர்பார்த்துப் பெற்ற நோயாளரின் மூளையில் டோபமைன் சுரந்ததை, அதே 2001இல் கனடாவின் வான்கூவர் நகர ஆய்வு காட்டிற்று. நம்பிக்கை உடம்பைத் தொடும் என்பது பாவலருக்குப் புதிதன்று. ஆனால் ஆய்வாளர் மருந்தின் வேலையையும் நம்பிக்கையின் வேலையையும் பிரித்தறிந்தாக வேண்டும்.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர ஆய்வு 2019இல் வெளியாயிற்று. பங்குபெற்றோர் 41 பேர். தலையில் பொருத்திய குழாய்வாயில் வழியே நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, நரம்பணுவை வளர்க்கும் புரதம் ஒரு பாதியினருக்கும் வெறுங்கரைசல் மறு பாதியினருக்கும் செலுத்தப்பட்டது. ஒன்பது மாத முடிவில் மூளைப் படங்களில் முன்னேற்றம் தெரிந்தது. உடல் இயக்கத்திலோ இரு சாராரிடையே உறுதியான வேறுபாடு நிறுவப்படவில்லை. அதன்பின் அனைவருக்கும் புரதம் அளிக்கப்பட்டது. தமக்கு நலம் கிடைத்தது என்றே சிலர் கூறினர். ஆய்வு முடிந்தது, மருந்தும் நின்றது.

இதைத் தோல்வி என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாமா? வழி அடைபட்டிருப்பதை அறிவிப்பவரும் பின்வருவோருக்கு வழிகாட்டியவரே. 2010இல் தொடங்கிய பன்னாட்டு ஆய்வொன்றில் நோயாளரும் நோயற்றோரும் முதுகுத்தண்டு நீரை அளித்தனர். அவர்களுள் 1,123 பேரின் நீரை ஆய்ந்ததன் பயனாக, நோய்க்குரிய புரதத்தின் திரிபை அந்நீரிலேயே கண்டறியலாம் என்று 2023இல் உறுதியாயிற்று. அந்த 1,123 பேரில் எவருக்கும் அதனால் நோய் நீங்கிவிடவில்லை.

கொடுத்தவருக்குக் கடன்பட்டவர் பெற்றவர். முடிவு நன்றாயினும் அன்றாயினும் அதனை அவர்களிடம் மறைக்காமல் உரைத்தல் ஆய்வாளர் கடன். ‘சோதனை எலிகள்’ என்னும் இழிசொல்லை நீக்கி, அவர்களுக்குத் தக்க சொல்லைப் படைத்தல் பாவலர் கடன். கொடைமடத்துக்குப் பெயரிட்ட மொழி, இக்கொடையறிவையும் பாடட்டும்.