தொட்டியில் பிறந்த மீனுக்கு ஆறு எங்கே?



ஸ்டர்ஜன் என்றொரு மீன். டைனோசர் காலத்திலேயே நீந்திய குலம். முதுகிலும் விலாவிலும் வரிசை வரிசையாக எலும்புத் தகடுகள். அதன் சினைதான் கேவியர். ஸ்டர்ஜனும் அதன் உறவான துடுப்பு மீனுமாக எஞ்சியிருக்கும் 26 இனங்களும் அழியும் ஆபத்தில் உள்ளன என்று 2022-ல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அறிவித்தது.

கேவியர் தின்பவனைத் திட்டிவிட்டு நான் இறங்கிவிடலாம். ஆனால் இன்று நான் சொல்லவந்த ஆற்றில் குற்றவாளி கேவியர் இல்லை. அணை!

கனடாவில் பிறந்து, அமெரிக்காவின் மொன்டானா, ஐடஹோ மாநிலங்கள் வழியே ஓடி, மறுபடி கனடாவுக்கே திரும்புகிறது கூட்னி ஆறு. அங்குள்ள வெள்ளை ஸ்டர்ஜன், சுமார் 10,000 ஆண்டுகளாக வெளி உறவே இல்லாமல் தனித்து வாழ்ந்த கூட்டம். பனி உருகி வெள்ளம் வரும் பருவத்தில்தான் அது முட்டையிடும். 1970-களில் லிப்பி அணை இயங்கத் தொடங்கியது. வெள்ளம் அணைக்குள் அடங்கியது. மீன் முட்டையிடுவதை நிறுத்தவில்லை. ஆனால் அந்த முட்டைகள் மணலிலும் வண்டலிலும் விழுந்து மூச்சுமுட்டிச் செத்தன.

இதில் ஒரு கொடுமை பாருங்கள். இது நூறாண்டு வாழக்கூடிய மீன். ஆள் உயர மீன் கண்ணில் படும்வரை எல்லாம் நலம் என்றுதானே நினைப்போம்? திண்ணை நிறையக் கிழவர்கள், வீட்டில் ஒரு தொட்டில்கூட இல்லை என்கிற ஊராக அந்த ஆறு மாறியிருந்தது.

இந்த மீனுக்காக எழுந்தது யார்? ஐடஹோவின் கூட்னி பழங்குடி. 1974-ல் நிலம் கேட்டு அமெரிக்க அரசின்மீதே போர் அறிவித்தவர்கள் இவர்கள். அப்போது மொத்தம் 67 பேர்! ஆயுதம் கிடையாது, நெடுஞ்சாலையில் நின்று வண்டிக்குப் பத்து சென்ட் சுங்கம் கேட்டார்கள். நிலமும் பெற்றார்கள். அந்தக் கூட்டம்தான், 1994-ல் அரசு இந்த மீனை அழிநிலைப் பட்டியலில் சேர்ப்பதற்கு முன்பே, பானர்ஸ் ஃபெர்ரி ஊருக்கு அருகில் குஞ்சு பொரிப்பகம் தொடங்கியது.

ஆற்றில் பெரிய மீனைப் பிடிப்பார்கள். சினையும் விந்தும் எடுத்துக்கொண்டு தாயையும் தகப்பனையும் ஆற்றிலேயே விட்டுவிடுவார்கள். முட்டை பசைபோல ஒட்டும். அது கட்டியாகாமலிருக்க நுண்ணிய களிமண்ணில் அலசுவார்கள். ஒவ்வொரு இணையின் குஞ்சுகளும் தனித்தனியே வளரும். ஒரே குடும்பத்தின் பிள்ளைகளால் ஆறு நிரம்பிவிட்டால் நாளை அண்ணன் தங்கைக்குள்தான் இனப்பெருக்கம் நடக்கும். அதனால்தான் இத்தனை கணக்கு. ஆற்றில் விடும்முன் ஒரு தகட்டை எடுத்து அடையாளம் வைப்பார்கள்.

விட்ட குஞ்சுகள் பிழைத்தன. கைதட்டலாமா? கொஞ்சம் பொறுங்கள். இத்தனை குஞ்சு விட்டோம் என்று மேடையில் எண்ணிக்கை வாசிப்பது எந்த நாட்டு அதிகாரிக்கும் பிடித்த வேலை. நான் கேட்கும் கணக்கு வேறு: ஆற்றிலேயே பிறந்து, ஆற்றிலேயே வளர்ந்த மீன் எத்தனை? அங்கே கூட்னி இன்னும் தேறவில்லை.

அப்படியானால் பண்ணை வீண்தானே என்று கேட்பவர்கள் சீனாவின் யாங்சி ஆற்றைப் பார்க்கட்டும். அங்கே 1981-ல் கெஜோபா அணை ஆற்றை மறித்தது. அங்கு வாழ்ந்த சீனத் துடுப்பு மீனைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்ய யாராலும் முடிந்ததில்லை. 2003-ல் ஒன்று பிடிபட்டது. சமிக்ஞைக் கருவி பொருத்தி விட்டார்கள், சமிக்ஞை தொலைந்தது. 2022-ல் அந்த இனமே அற்றுப்போனதாக அறிவிப்பு வந்தது. கூட்னி மீனுக்கு அந்தக் கதி நேராமல் காலத்தைக் கடனாக வாங்கிக் கொடுத்தது பண்ணை. ஆனால் கடன் கடன்தான் ஐயா!

பழங்குடிக்கு இது நன்றாகத் தெரியும். அதனால் ஆற்றின் அடியில் கற்களைப் போடுகிறார்கள், கரையைச் சீர் செய்கிறார்கள், அணை தடுத்துவிட்ட சத்துகளைத் தண்ணீரில் சேர்க்கிறார்கள். மீனுக்காகவே வசந்தத்தில் கூடுதல் தண்ணீரும் திறக்கப்படுகிறது. ஆனால் ஆற்றோரம் வீடும் வயலும் வந்துவிட்டதால் பழைய வெள்ளத்தின் அளவுக்குத் திறக்க முடியாது.

கூட்னியின் பெண் ஸ்டர்ஜன் பருவத்துக்கு வர ஏறத்தாழ 30 ஆண்டு ஆகும். தொண்ணூறுகளில் பண்ணையில் பிறந்தவை இப்போதுதான் தாயாகும் வயதை எட்டுகின்றன. அவற்றுக்கு எவ்வளவு தண்ணீர், எந்த வாரத்தில் என்பதை முடிவு செய்யும் மதகு அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் கையில் இருக்கிறது. அந்த 67 பேர் போர் தொடுத்தார்களே, அதே அரசின் படை. பேச்சுவார்த்தை இன்னும் முடியவில்லை.