முதுகுக்கு மெஷினா, தரைவிரிப்பா?

நிமிர்ந்து நிற்பவரைப் பக்கவாட்டில் பார்த்தால் காது, தோள், இடுப்பு மூன்றும் ஏறக்குறைய ஒரே நேர்க்கோட்டில் இருக்கும். உடம்பு முன்னால் சரியாமல் இழுத்துப் பிடிப்பவை முதுகெலும்பின் இருபுறமும் ஓடும் தசைகள்.

அவற்றை வலுப்படுத்த மெஷின் வேண்டுமா, தரைவிரிப்பு போதுமா?

1860-களிலேயே ஸ்வீடன் மருத்துவர் குஸ்தாவ் சாண்டர் உடற்பயிற்சி இயந்திரங்களை உருவாக்கினார். பின்னாளில் அமெரிக்கர் ஆர்தர் ஜோன்ஸ், மெட்எக்ஸ் என்ற தன் முதுகுப் பயிற்சி மெஷினில் இடுப்பையும் தொடையையும் அசையாமல் பூட்டினார். காரணம் இருந்தது. முதுகை நிமிர்த்தும்போது பிட்டத் தசையும் பின்தொடைத் தசையும் உதவிக்கு ஓடிவரும். பூட்டிவிட்டால் பெரும்பாலான வேலையைக் கீழ்முதுகே செய்தாக வேண்டும். எடையையும் அளந்து அளந்து கூட்டலாம்.

தரைவிரிப்பில் செய்யும் யோகாசனமான சலபாசனத்தில் கதை வேறு. குப்புறப் படுத்து, நெஞ்சையும் கால்களையும் மெல்லத் தூக்கினால் கழுத்து முதல் பின்தொடை வரை உடம்பின் பின்புறத் தசைகள் சேர்ந்து இறுகும். நிற்கும்போதும் அவை சேர்ந்துதான் உழைக்கின்றன. செலவும் கிடையாது.

ஆனால் தசை வலுத்ததால் மட்டும் கூன் நிமிர்ந்துவிடாது. நிற்கும் பழக்கமும் மாற வேண்டும். குதிகாலைச் சுவரை ஒட்டி வைத்து நின்று, பின்தலை சுவரில் படுகிறதா என்று இன்றே பார்க்கலாம். காலில் மரமரப்பு இருப்பவர்கள் பயிற்சியைத் தொடங்கும் முன் மருத்துவரைப் பார்ப்பது அவசியம்.