வெப்பத்துக்கு வழியமைத்தல்

சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கே வெப்பம் பாயும். இவ்விதியை மாற்ற எவராலும் இயலாது. ஆயின், அது செல்லும் பாதையை மாற்றலாமன்றோ?

2013 இல் ஜேர்மனியின் கார்ல்ஸ்ரூ நகர ஆய்வாளர் செப்புத் தகடொன்றில் வளையம் வளையமாகத் துளைகளிட்டு, வெப்பத்தை எளிதிற் கடத்தாத சிலிக்கோன் இறப்பரால் அவற்றை நிரப்பினர். தகட்டின் ஒரு விளிம்பைச் சூடாக்கினர். வெப்பமோ, பாறையைச் சுற்றியோடும் ஆற்றுநீர்போல் நடுவிடத்தை வளைந்து கடந்து, அப்பால் முன்போல் நேராகச் சென்றது.

செம்பும் புதிதன்று, இறப்பரும் புதிதன்று. அவற்றை அமைத்த முறையே புதிது. இவ்வாறு அமைப்பினாற் புதுக்குணம் பெறுவனவற்றை மீப்பொருள்கள் என்பர்.

எனினும், நேரஞ்செல்ல நடுவிடமுஞ் சூடேறும். வெப்பத்தை அழித்தல் இயலாது; திருப்பவும் தாமதிக்கவுமே இயலும். சூட்டினாற் பழுதுறும் இலத்திரனியற் கருவிகளுக்கு அத்தாமதமே காப்பாகலாம்.