இறகு வராத குஞ்சு: எங்கே தொடங்குவது?

 

குஞ்சுக்கு இறகு சரியாக வரவில்லை என்றதும் பண்ணையில் முதல் பழி தீவனத்தின்மேல்தான் விழுகிறது. பல நேரம் அது நியாயம். சில நேரம் வீண்பழி. காரணத்தைத் தேட நமக்கு ஒரு வரிசை வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது.

முதலில் பிறப்பு. பொரித்த நாளிலேயே குஞ்சின் சிறகை விரித்துப் பாருங்கள். கீழ்வரிசையில் முதன்மை இறகுகள், மேல்வரிசையில் அவற்றை மூடும் இறகுகள். கீழ்வரிசை நன்றாக நீண்டிருந்தால் அது விரைவில் இறகு விடும் குஞ்சு. இரண்டும் சமமாகவோ, மேல்வரிசை நீண்டோ இருந்தால் தாமதமாக விடும் குஞ்சு. இதை முடிவுசெய்யும் மரபணு இசட் குரோமோசோமில் இருக்கிறது; தாமதமே ஓங்கு பண்பு. விரைவில் இறகு விடும் சேவலைத் தாமதமாக விடும் பெட்டையோடு சேர்த்தால், பெட்டைக் குஞ்சுகள் விரைவாகவும் சேவல் குஞ்சுகள் தாமதமாகவும் இறகு விடும். பொரிப்பகங்களில் இதை வைத்தே ஆண், பெண் பிரிக்கிறார்கள். அத்தகைய கலப்பினக் கறிக்கோழிக் கொட்டகையில் சேவல்களின் முதுகு மட்டும் வெறிச்சென்று இருந்தால், அதற்கு மருந்து தேடிப் பயனில்லை.

அடுத்தது குஞ்சுகளுக்குச் சூடு தரும் புரூடர். முதல் வாரம் ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸ் வைத்து, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைப்பது வழக்கம். சூடு குறையாமல் நீடித்தால் இறகு முளைப்பதும் தள்ளிப்போகும்.

மூன்றாவது குடல். சில குஞ்சுகள் மட்டும் வளராமல் தேங்கி, எச்சத்தில் செரிக்காத தீவனம் தெரிந்து, சிறகின் இறகுகள் ஹெலிகாப்டர் விசிறிபோலத் துருத்தி நின்றால், சத்து உறிஞ்சும் கோளாறு என்று ஐயப்பட வேண்டும். தீவனத்தில் சத்து இருந்தும் அந்தக் குஞ்சின் உடம்பில் சேர்வதில்லை.

இவற்றைப் பார்த்த பிறகு தீவனத்துக்கு வருவோம். இறகில் ஏறத்தாழ 90 சதவீதம் புரதம். அதில் கந்தகமுள்ள சிஸ்டின் மிகுதி. மக்காச்சோளமும் சோயாவும் கலந்த தீவனத்தில் முதலில் பற்றாமல் போவது மெத்தியோனின். ஆர்ஜினின் குறைந்தால் சிறகிறகு மேல்நோக்கிச் சுருளும். துத்தநாகம் குறைந்தால் நுனி பிய்ந்து சிதையும். பூஞ்சை பிடித்த தானியத்தால் டி-2 நச்சு சேர்ந்திருந்தால், இறகுக் கோளாறோடு வாய்ப்புண்ணும் வரும். ஆகவே அலகைத் திறந்து பார்க்காத பரிசோதனை முழுமையாகாது.

இந்தக் கருத்தரங்கில் கட்டுரை வாசிப்போருக்கு ஒரு வேண்டுகோள். குஞ்சின் இனம், பால், வயது, புரூடர் வெப்பம் நான்கையும் சொல்லிவிட்டு முடிவைச் சொல்லுங்கள். இவை இல்லாமல் இரண்டு பண்ணைகளின் முடிவுகளை ஒப்பிட முடியாது. பொரிப்பகத்தாரும் தங்கள் குஞ்சு எந்த வகை என்பதை விற்கும்போதே எழுதிக் கொடுக்கலாம். பண்ணையாளரின் வீண் மருந்துச் செலவு அங்கேயே குறையும். இந்த இரண்டையும் தீர்மானமாக நிறைவேற்ற அவை முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.